அஞ்சு வருஷத்துக்கு ஒரு லிஃப்டர்

கைப்பந்து அணிக்குப் புது லிஃப்டர் ஒருத்தி வேண்டும் என்று முதலாளி விஜயராகவன் சொன்னபோது, இருந்த லிஃப்டரான அஞ்சலாட்சி அதே அறையில் அவருக்கு எதிரேதான் நின்றிருந்தாள். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடு என்று கேட்கிற தோரணையில், அவளைப் பார்த்தேதான் அவர் பேசினார்.

"இந்த வருசத்துக்கு மட்டும்னு ஆள் வேணாம். இனிமே அஞ்சு வருசத்துக்கு நான் அந்த எடத்தப் பத்தி யோசிக்கவே கூடாது. மாஸ்டரும் நீயும் சேந்து பாருங்க. உன்ன விட்டா அந்த வேலை யாருக்குத் தெரியும்?"

"சரிங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி.

அது 2003, பொங்கல் கழிந்த வாரம். முதலாளிக்குச் சோப்புக் கம்பெனி. புதுச்சேரியை விட்டால் விழுப்புரம், கடலூர், திண்டிவனம் வரை அவருடைய மஞ்சள் சோப்பு போகும். சோப்புக்கு விளம்பரம் வேண்டும் என்று அவர் தொடங்கியது பெண்கள் கைப்பந்து அணி. ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் கம்பெனியில் வேலை, மாதச் சம்பளம். காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், மதியத்துக்கு மேல் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போய்விட வேண்டும். ஆடத்தான் சம்பளம் என்பது வாசலில் நிற்கிற காவல்காரருக்குக்கூடத் தெரியும்.

அந்த அணியில் பத்து வருஷமாக லிஃப்டர் அஞ்சலாட்சி. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற பந்தை ஒருத்தி தடுத்து எடுப்பாள், கடைசியில் ஒருத்தி எகிறி அடிப்பாள். நடுவில் அந்தப் பந்தை வாங்கி, அடிக்கிறவளுக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய உயரத்தில் தூக்கி வைக்கிறவள் லிஃப்டர். பேப்பரில் அடித்தவள் பேர்தான் வரும். அதைப் பற்றி அஞ்சலாட்சி வருத்தப்பட்டதே இல்லை. பந்து தன் கைக்கு வராமல் யாரும் எதையும் அடிக்க முடியாது என்ற நினைப்பு ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது முப்பத்திரண்டு வயது. ரெட்டியார்பாளையத்தில் வீடு, பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக இருக்கும் புருஷன் கலியமூர்த்தி, ஆறாவது படிக்கும் மகள். வலது முழங்கால் மட்டும் ஒரு வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தஞ்சாவூர்ப் போட்டியின் அரையிறுதியில் கடைசி செட்டில் அவள் பந்துக்கு அடியில் போய்ச் சேருவதற்கு ஒரு நொடி தாமதமானது. எடுத்துக் கொடுத்த பந்து நெட்டை விட்டு விலகிப் போயிற்று. முதலாளி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தார்.

பயிற்சியாளர் இராமதாஸ் எல்லைப் பாதுகாப்புப் படையில் ஆடிவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அன்று சாயங்காலமே மைதானத்து வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்துப் பேசினார்.

"மூணு வழி இருக்குது அஞ்சலை. கேரளாவுலேருந்து நல்லா ஆடிப் பழகுன ஆளக் கூட்டியாரலாம். கேட்டதக் குடுக்கணும். இல்ல, நம்ம சின்னப்பாப்பா உசரமா இருக்குது, அத மாத்தி லிஃப்டர் ஆக்கலாம். அதுவும் இல்லாட்டி சின்ன வயசுப் பொண்ணா ஒண்ணப் புடிச்சு மொதல்லேருந்து கொண்டாரணும். நீ இன்னா சொல்ற?"

சின்னப்பாப்பா பெயருக்குத்தான் சின்னப்பாப்பா. கம்பெனி வாசலில் குனிந்துதான் வருவாள். அணியில் எல்லோரையும்விட ஓங்கி அடிப்பவள். அவளை லிஃப்டர் ஆக்குவது என்ற பேச்சைக் கேட்டு அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வழியிலும் தான் இல்லை என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

அடுத்த வாரம் மாஸ்டர் அவளை லாஸ்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கல்லூரிகளுக்குள் போட்டி நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பார்க்கச் சொன்ன பெண்ணை அவர் கை காட்டுவதற்கு முன்பே அஞ்சலாட்சி பார்த்துவிட்டாள். ஒல்லியான பெண், தலைமுடியைச் சுருட்டிக் கட்டியிருந்தது. பந்து அந்தப் பெண்ணின் விரல்களுக்குள் போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. சத்தமே இல்லை. லிஃப்டர் கையில் பந்து படும்போது ஒரு சின்னத் தட்டல் கேட்கும். நல்ல கைகளில் அது குறையும். இவள் கையில் அது சுத்தமாக இல்லை. எந்தப் பக்கம் தரப் போகிறாள் என்பது கடைசிவரை அவள் முதுகில்கூடத் தெரியவில்லை.

அஞ்சலாட்சி தன் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பிடி?" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில், வெகுநாளாகத் தேடிய பொருள் கிடைத்த ஆளின் சந்தோஷம்.

"நல்லாத்தான் எடுக்குது. ஆனா ஸ்டைல் ஜாஸ்தி" என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் நேராக ஓடிவந்தது அஞ்சலாட்சியிடம்தான். "க்கா, என் பேரு பொலின். நான் சின்னப் புள்ளயா இருந்தப்பலேருந்து உங்க ஆட்டம் எல்லாம் பாத்திருக்கேன். உங்களப் பாத்துத்தான் லிஃப்டர் ஆவணும்னு ஆசையே வந்துது."

மனசாரச் சொன்ன பேச்சு. ஆனால் அஞ்சலாட்சியின் காதில் விழுந்தது 'சின்னப் புள்ளயா இருந்தப்பலேருந்து' என்பது மட்டும்தான்.

பொலினுடைய அப்பா க்சாவியே ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அண்ணன் லூக்கா ஃபிரான்சில் துலூஸ் என்ற ஊரில் வேலையில் இருந்தான். நினைத்தால் விமானம் ஏறிவிடலாம் என்கிற குடும்பம். அஞ்சலாட்சி மாஸ்டரிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு இரவு அவளுக்கு எரிந்தது அந்தக் கைகளை நினைத்து மட்டும் அல்ல. இந்தப் பெண்ணுக்குப் போவதற்கு இன்னொரு தேசமே இருக்கிறது. தனக்கு இருப்பது நெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த ஓரடி இடம். அதையும் இவளுக்கே கொடுக்க வேண்டுமா?

பொலினை ஒரு மாதம் அணியோடு பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அந்த ஒரு மாதமும் அஞ்சலாட்சிக்கு நரகமாக இருந்தது. பொலினிடம் ஏதாவது திமிர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்தப் பெண் தினமும் முதலில் வந்தது, நெட் கட்டியது, எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வைத்தது. வீட்டில் செய்த கேக்கை டப்பாவில் கொண்டுவந்து முதல் துண்டை "க்கா, நீங்க" என்று நீட்டியது.

எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது சின்னப்பாப்பாதான். சின்னப்பாப்பாவுக்குப் பந்து எவ்வளவு உயரத்தில் வேண்டும், நெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வேண்டும், மனசு சரியில்லாத நாளில் எவ்வளவு தாழ்த்தித் தர வேண்டும் என்பதெல்லாம் அஞ்சலாட்சி வருஷக்கணக்கில் கண்டு வைத்திருந்தவை. பொலின் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பந்தை அடித்துவிட்டு இறங்கிய சின்னப்பாப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, வெண்ண மாரி வருதுக்கா பந்து. நான் அடிக்கவே வேணாம், தானா போவுது."

"போவும் போவும்" என்றாள் அஞ்சலாட்சி. புருஷன் பக்கத்து வீட்டுக்காரி சமையலைப் புகழ்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்று அவள் சின்னப்பாப்பாவோடு டீக்குப் போகவில்லை.

சரியாக அந்த வாரம் கலியமூர்த்தி அவளை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வந்தவர், கொஞ்ச நேரம் வேலியோரம் நின்று பயிற்சியைப் பார்த்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து, "அந்தப் புதுப் பொண்ணு நல்லா எடுக்குதே, கை சும்மா..." என்று தொடங்கினார். குழம்புக் கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்த வேகத்தில் மேஜை முழுக்கத் தெறித்தது. கலியமூர்த்தி சட்டையைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் கைப்பந்து பேச்சு நின்றது.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பொலின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்க்காமல் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"க்கா, எனக்கு இந்த எடம் கெடைக்குமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? மொதலாளி முடிவு."

"பப்பா என்ன அண்ணங்கிட்ட அனுப்பிடணும்னு நிக்கிறாருக்கா. டிக்கெட்டே பாத்துட்டாரு. நான் போவ மாட்டேன்னு அழுதேன். கடைசில இங்க வேலை கெடைச்சா இருந்துக்கோன்னு ஒத்துக்கினாரு. எனக்கு அங்க யாரத் தெரியும்? அண்ணி சள்ளு சள்ளுன்னு விழுவாங்க. எனக்கு இந்த ஊருதான்க்கா. இந்த டீம்தான்."

அஞ்சலாட்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் மனசு இளகியது உண்மை. "ஒண்ணும் ஆவாது, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

மறுநாள் முதலாளி அழைத்தார். மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கேரளாவிலிருந்து ஷைலஜா என்று ஒருத்தி வந்து ஆடிக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். இருபத்தாறு வயது, அனுபவம் உள்ளவள், பிசிறு இல்லாத ஆட்டம். மாஸ்டர் பொலின் பக்கம். முதலாளிக்கு இரண்டும் சம்மதம்.

"நீ சொல்லு அஞ்சலாட்சி. நீ சொல்றதுதான்" என்றார்.

அறையில் சோப்பு வாசனை. அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக, நிதானமாக வந்தது.

"பொலின் கை நல்ல கை சார். அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா அவங்க சொல்தா குடும்பம். அண்ணன் ஃபிரான்சுல இருக்கான். அவங்கப்பா டிக்கெட்டு கூடப் பாத்துட்டாராம். நீங்க அஞ்சு வருசத்துக்கு ஆள் தேடுறீங்க. நாம வளத்து விடுவோம், அது பாட்டுக்குக் கெளம்பிப் போயிடும்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வேலை கிடைத்தால் அந்தப் பெண் போகாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

முதலாளி தலையை ஆட்டினார். "பாத்தீங்களா மாஸ்டர், இது நமக்குத் தோணல." மாஸ்டர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார், அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். தன் இடத்துக்கு வேறு ஆளைத் தேடிக் கொடுக்கிறவள் சொன்னால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஷைலஜா வந்தாள். அஞ்சலாட்சிக்கு அவள் மேல் அவ்வளவு எரிச்சல் வரவில்லை. வெளியூர்க்காரி, வேலைக்கு வந்தவள், வேலையைப் பார்த்தாள். அஞ்சலாட்சி பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தாள். அது வலித்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலியாக இருந்தது.

பொலின் ஒரு தடவை கம்பெனி வாசலுக்கு வந்தாள். சாமான்களை எடுத்துக்கொண்டு போக. "நீங்க எனக்காகப் பேசினீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"பேசினேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"தேங்க்ஸ்க்கா" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த விரல்களின் சூடு வீடு போய்ச் சேரும்வரை அஞ்சலாட்சியின் கையில் ஆறவில்லை. மழை தொடங்குவதற்குள் பொலின் துலூஸுக்குப் போய்விட்டாள் என்று சின்னப்பாப்பா வந்து சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அதற்கும் அஞ்சலாட்சிக்குக் கோபம்தான் வந்தது.

ஐந்து வருஷத்துக்கு என்று வந்த ஷைலஜா ஒரு வருஷம்தான் இருந்தாள். ரயில்வேயில் நிரந்தர வேலை கிடைத்தது, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போனாள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஃபிரான்ஸ்காரி போவான்னு நீ சொன்ன, போனா. இவளப் பத்தி மட்டும் ஏன் சொல்லாமப் போயிட்ட?" என்று அஞ்சலாட்சியைப் பாராட்டுவதுபோலக் குறைப்பட்டார்.

மிச்சமிருந்த வழி சின்னப்பாப்பா. அவளை லிஃப்டராக்கி நடத்திய முதல் பயிற்சியில் அவள் எடுத்துக் கொடுத்த பந்து வேலியைத் தாண்டிச் சோப்பு காயவைத்திருந்த தட்டுகளின் மேல் விழுந்தது. அவள் லிஃப்டர் இடத்துக்குப் போய்விட்டதால் ஓங்கி அடிக்கவும் ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள். முதலாளி மறுபடி அஞ்சலாட்சியை அழைத்தார்.

"இந்த ஒரு வருசம் மட்டும் பாத்துக்க அஞ்சலாட்சி."

அந்த ஒரு வருஷம் இரண்டாகப் போயிற்று. முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நெட்டுக்குப் பக்கத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பந்து கைக்கு வரும்போதெல்லாம் அங்கே இல்லாத ஒருத்தியின் கை அவளுக்கு முந்திக்கொண்டு நீண்டது. தன் விரலில் பந்து பட்டுத் தட்டுகிற சத்தம் முன்பெல்லாம் அவளுக்குக் கேட்டதே இல்லை. இப்போது கூட்டத்தின் இரைச்சலிலும் கேட்டது. கடலூரில் ஒரு ஆட்டத்தில் சின்னப்பாப்பா அடித்த பந்து நெட்டில் மாட்டியது. இறங்கிய வேகத்தில், "பொலினா இருந்தா..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

2006-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் மாஸ்டரைப் பார்த்தாள். இருவரும் வஞ்சிரம் விலையைப் பேசிக்கொண்டு நின்றபோது, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மாஸ்டரை அடையாளம் கண்டு வந்தார். பொலினுடைய அப்பா க்சாவியே.

"பொண்ணு எப்பிடி இருக்குது மிஸ்யே?" என்று பிரெஞ்சு மரியாதை போட்டுக் கேட்டார் மாஸ்டர்.

"இருக்குது. ஆஸ்பத்திரி கேண்டீன்ல வேலை. ஞாயித்துக்கெழமைல கொஞ்சம் ஆடுமாம்." பெரியவர் கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "உங்க கம்பெனி மட்டும் அன்னிக்கி வேலை குடுத்திருந்தா அது போயே இருக்காது மாஸ்டர். நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், வேலை கெடைச்சா இங்கயே இருந்துக்கோன்னு. வூட்ல ஒத்தயா கெடக்குறேன் இப்ப."

அவர் போன பிறகும் மாஸ்டர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மீன்காரம்மா "இன்னா, வெட்டட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

"உனக்கு இது தெரியுமா அஞ்சலை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியும் இருப்பார். "தெரியும் மாஸ்டர். அது எங்கிட்ட சொல்லிச்சு."

மாஸ்டர் திட்டவில்லை. மீனை வாங்கிக்கொண்டு, எப்போதும் சொல்கிற "வரேம்மா"வைச் சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆட்டக்காரிகளைப் பற்றி அவளிடம் அவர் யோசனை கேட்டதே இல்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரை லிஃப்டராகப் போட்டு, தோற்றாலும் பரவாயில்லை என்று ஆடவிட்டார். அஞ்சலாட்சியைக் கம்பெனியின் டைம் ஆபீசில் முழுநேரமாக உட்காரவைத்தார்கள். வந்து போகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற வேலை. அதன் ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

2008 ஆகஸ்டில் பொலின் வந்தாள். அத்தை மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தவள், கம்பெனி மைதானத்துக்கும் வந்துவிட்டாள். வெளியே எழுந்த கூச்சலிலேயே அஞ்சலாட்சிக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. திரும்பக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலில் நின்றாள்.

பொலின் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். சின்னப்பாப்பா கெஞ்சிக் கெஞ்சிப் பந்தைக் கையில் கொடுக்க, வெறுங்காலோடு நெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். அஞ்சலாட்சி ஒவ்வொரு பந்தாகப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். ஒன்று அகப்பட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

படி இறங்கிப் போனாள். பொலின் அவளைப் பார்த்ததும் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ஓடி வரவில்லை.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்."

"பப்பா எல்லாம் சொன்னாரு. மாஸ்டர் வூட்டுக்கு வந்து பப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டாராம்."

மாஸ்டர் போய்க் கேட்டது அஞ்சலாட்சிக்கு அதுவரை தெரியாது. காது மடல் சுட்டது. "அவரு இன்னாத்துக்குக் கேக்கணும்? சொன்னது நானு. எம் பொறாம."

பொலின் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பப்பா ஃபோன்ல சொன்ன வருசம் குளுருல, விடிகாலைல பஸ்சுக்கு நிக்கிறப்ப உங்கள ரொம்பத் திட்டியிருக்கேன். தமிழ்லதான். பக்கத்துல யாருக்கும் புரியாது, சத்தமாவே திட்டுவேன்."

"திட்டு. இப்பயும் திட்டு."

"இப்ப வரலக்கா."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அஞ்சலாட்சியும் கேட்கவில்லை. சின்னப்பாப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடது முழங்கை எறங்குது ஒனக்கு" என்றாள் அஞ்சலாட்சி. "முன்ன அப்பிடி இல்ல. அதான் பந்து நெட்டோட ஒட்டுது."

பொலின் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "ஆமால்ல. அங்க யாரும் சொல்லவேயில்லியே."

"அவங்க அவ்ளோ உத்துப் பாத்திருக்க மாட்டாங்க."

அதற்கு மட்டும் பொலின் சிரித்தாள். "சனிக்கெழம வரைக்கும் இருப்பேன். தெனம் சாயங்காலம் வருவேன். நீங்க வர்றீங்களா?"

"பாக்கலாம்."

மறுநாள் அஞ்சலாட்சி லீவு போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். வீட்டில் படுத்துக்கொண்டு, இந்நேரம் சின்னப்பாப்பா எத்தனை பந்து அடித்திருப்பாள் என்று நினைத்துப் புரண்டாள். கலியமூர்த்தி உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். மணி அடித்ததும் டைம் ஆபீசைப் பூட்டி, சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து பழைய ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துப் பக்கம் நடந்தாள்.